பம்பரில் நான்கு துளைகள்

மெக்கானிக் ஷங்கர் காருக்குப் பின்னாலிருந்து நகர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து ஹெலனின் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டான். அப்போதும் பஸ்ஸர் நிற்கவில்லை.

டாஷ்போர்டில் புதிதாக ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டியில் சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. 0.9. காருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் பின்னால் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். ஹெலன் கண்ணாடியில் பார்த்தாள். ஜே.சி. ரோட்டின் பின்சந்தில் இருந்த அந்தக் கார் சாமான் கடை வாசலில், மதிய வெயிலில், வெறும் சிமென்ட் தரைதான் தெரிந்தது. இப்போதுதான் பம்பரில் போட்ட நான்கு துளைகளின் பிளாஸ்டிக் துருவல் அதில் சிதறிக் கிடந்தது.

"யாருமே இல்லையே," என்றாள்.

"சொல்ப இருங்க மேடம், பாக்குறேன்." ஷங்கர் பின்னால் போய்க் குந்தினான். "ஒவ்வொரு சென்சார்லயும் ஒரு அம்புக்குறி இருக்கும். அது மேல பாத்து இருக்கணும். தலகீழா மாட்டிட்டா ரோட்டையே ஆளுன்னு நெனச்சி கத்தும். புதுசா வேலைக்கு வர்றவங்க பண்ற தப்பு. நான் பண்ண மாட்டேன்."

பண்ணவில்லைதான். நான்கையும் கழற்றிப் பார்த்தான், நான்கும் சரியாகவே இருந்தன. ஒன்றை மாற்றினான். சத்தம் நிற்கவில்லை. இன்னொன்றை மாற்றினான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்து நின்று, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு யோசித்தான். அப்போது சத்தம் தானாகவே அடங்கியது.

"ஆயித்து மேடம், சரியாயிடுச்சு. புது வயரிங், செட் ஆக டைம் எடுக்கும்," என்றான். அவன் கை எதையும் தொடாதபோதுதான் சத்தம் நின்றது. அதை அவளும் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

சென்சார் போடச் சொன்னது அவள் கணவன் எரிக். "அப்பா இருந்தவரைக்கும் இதெல்லாம் தேவையே படல," என்றான். காக்ஸ் டவுனில் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து உண்டு. ஒருபுறம் வீட்டுச் சுவர், மறுபுறம் காம்பவுண்டுச் சுவர், கடைசியில் பாசி படிந்த இன்னொரு சுவர். காரை ரிவர்ஸில்தான் உள்ளே விட முடியும். ஓட்டுகிறவர் ஒருக்களித்து இறங்குகிற அளவுக்குத்தான் இடம் மிஞ்சும். யாராவது பின்னால் நின்று சொன்னால்தான் உண்டு, இல்லையென்றால் பம்பர் போச்சு.

அப்படி நின்று சொன்னவர் அவள் மாமனார் சவரிமுத்து. கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் 'கேஜ்' என்கிற கூண்டுக்கு மணியடித்துச் சைகை கொடுக்கிற வேலையில் முப்பது வருடம் இருந்தவர். எல்லோரையும் போல 'வா வா வா, ரைட்டு' என்று கத்துவது அவருக்குப் பிடிக்காது. டிக்கியின் மேல் உள்ளங்கையால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். "கேஜ் ஓட்டுறவன் கண்ணால பாக்க மாட்டான்மா. காதாலதான் ஓட்டுவான்," என்பார். ஐந்து வருடத்தில் ஹெலனும் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டாள். காதாலேயே ஓட்டினாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கடையிலிருந்து வந்து, சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டைத் தாண்டும்போதே பஸ்ஸர் ஆரம்பித்தது. 0.9. கடைசிச் சுவர் இன்னும் இருபது அடி தள்ளி இருந்தது. கார் பின்னால் போகப் போக எண் குறைய வேண்டும், அல்லது அங்கே எதுவும் இல்லையென்றால் மறைய வேண்டும். ஹெலன் கணக்கு டீச்சர், இது அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கார் நகர்ந்தது. எண் நகரவில்லை. அவள் எவ்வளவு வேகத்தில் வந்தாளோ அதே வேகத்தில் ஏதோ ஒன்று பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஈரச் சிமென்ட், காய்ந்த வேப்பிலைச் சருகு, தண்ணீர்க் குழாய். குனிந்து பம்பருக்கு அடியிலும் பார்த்தாள். நிமிரும்போது மூக்கில் தைல வாடை ஏறியது. இருமல் வரும் ராத்திரிகளில் மாமா நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலம். வீட்டில் அந்தப் பாட்டில் இப்போது இல்லை. துணிமணிகளோடு சேர்த்து எரிக்தான் அதையும் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டிருந்தான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. யாருடைய பயமும் இப்படி இருக்காது என்றும் தெரிந்தது. ஏனென்றால் யார் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று அவள் கேட்டுக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன், ஜூனில் ஒரு மாலை, நல்ல மழை. விடைத்தாள் கட்டு பக்கத்து இருக்கையில் இருந்தது, மனம் அதிலேயே இருந்தது. டிக்கியில் இரண்டு தட்டு. வந்தாள். மறுபடி இரண்டு தட்டு. இன்னும் வந்தாள். மூன்றாவது முறையும் இரண்டு, ஆனால் வலுவில்லாமல். இன்னும் கொஞ்சம் வந்தாள். பிறகு தட்டே வரவில்லை. சலித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது டிக்கிக்கும் சுவருக்கும் நடுவில் மாமாவின் தலை மட்டும் தெரிந்தது. பாசியில் வழுக்கி மாட்டிக்கொண்ட மனிதர், கத்த மூச்சில்லாமல், கிடைத்த ஒரு கையால் உதவிக்குத் தட்டியிருக்கிறார். அவள் அதை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்.

காரை முன்னால் எடுத்ததும் அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஒரு துளி ரத்தமில்லை. சுரங்கத் தூசி தின்ற நெஞ்சு என்று ஊருக்கே தெரியும். ஆம்புலன்ஸில் வந்தவர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்ததால் வந்த கன்றல் என்று நெஞ்சில் இருந்த தடத்தை எடுத்துக்கொண்டார்கள். "நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு," என்று ஹெலன் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு எல்லோருமே அதைச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை எண் 0.8 ஆனது. செவ்வாய்க்கிழமை 0.7. புதன்கிழமை 0.6.

ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர். கணக்குப் போடக் கூடாது என்று நினைத்தாலும் அவள் மூளை போட்டுவிட்டது. காரை ஒரு ராத்திரி தெருவிலேயே விட்டாள். எதிர்வீட்டு லூர்துமேரி, "என்னா டீச்சர், எங்க வண்டிய எங்க எடுக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் மறுபடி உள்ளே விட்டாள். பஸ்ஸர் சத்தத்துக்கு நடுவே இப்போது இன்னொன்றும் கேட்டது. சளி கட்டிய நெஞ்சு மூச்சை இழுக்கும் சத்தம். இழுக்கும், நிற்கும். அடுத்த மூச்சு வருமா என்று அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராக ஷங்கரிடம் போனாள்.

ஷங்கர் இந்த முறை சென்சாரைக் கழற்றவில்லை. தானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டான். 0.4 வந்தது. இறங்கிப் பின்னால் நடந்தான், காரிலிருந்து நான்கடி தூரத்தில் சட்டென்று நின்றான், அதற்கு மேல் போகவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகத்தில் வியாபாரச் சிரிப்பு இல்லை.

"மேடம், பீஸ்ல தப்பில்ல. இருக்கறதத்தான் அது காட்டும்."

"பஸ்ஸர் வயரை வெட்டிடுங்க."

"வெட்டிட்டா சத்தம்தான் நிக்கும் மேடம்."

"வெட்டிடுங்க."

வெட்டினான். எண்ணின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பையும் ஒட்டச் சொன்னாள், ஒட்டினான். காரை எடுக்கும்போது அவன் வழக்கமாகச் செய்வது போலப் பின்னால் வந்து நின்று ரோட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைக்குள்ளேயே நின்றுகொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் எரிக் பீன்யா ஃபேக்டரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். மறுநாள் சர்ச்சில் அப்பாவுக்கு மூன்றாம் மாதப் பூசை சொல்லியிருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது, அவன் குடிக்கவில்லை.

"ஹெலன், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசியா அப்பா எதனா சொன்னாரா?"

"இல்லங்க."

"ஒரு சத்தம் கூடவா போடல? என் பேரச் சொல்லிக் கூப்பிடல?"

சொல்லிவிடு, என்றது உள்ளே ஒரு குரல். இப்போது சொன்னால் இந்த மனிதன் உடைந்து போவான், ஒருவேளை அவளை வெறுப்பான், ஆனால் சந்தில் நிற்பது அதற்காகத்தான் நிற்கிறது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. எரிக்கின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் தன்னிடம் ஒரு சுடுசொல் சொல்லாத மனிதன். அவனை இழக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஒண்ணும் சொல்லலங்க. நிம்மதியாத்தான் போனாரு," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், சந்தில், யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது மணி பத்து. விடியற்காலை மழையில் சந்து நனைந்திருந்தது. கேட்டருகே காரை நிறுத்தி ரிவர்ஸ் கியர் போட்டதும் எரிக் டாஷ்போர்டைப் பார்த்தான்.

"என்னா இது? காசு குடுத்துப் போட்டுட்டு யாராவது டேப் ஒட்டி மறைப்பாங்களா?" என்று நகத்தால் கிழித்து எடுத்தான். "சத்தமும் வரலியே. சரி விடு, நானே பின்னாடி நின்னு சொல்றேன். அப்பா நின்ன எடம்தானே."

"வேணாங்க. நானே விட்டுக்குறேன்."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. எரிக் இறங்கிச் சந்துக்குள் நடந்தான்.

இந்த முறை அவள் காதை நம்பவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்குலம் அங்குலமாக வந்தாள். கண்ணாடியில் எரிக் மட்டும்தான் தெரிந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, ஆட்டிக்கொண்டிருந்த கை, முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் பச்சைச் சுவர். எண் அவள் வர வர ஒழுங்காகக் குறைந்தது. 1.8. 1.5. 1.2. பெட்டி சரியாகிவிட்டது. மூச்சுச் சத்தம் இல்லை, தைல வாடை இல்லை. போய்விட்டார் என்று நினைத்தாள். பூசை செய்ததில் போய்விட்டார். கண்ணில் நீர் முட்டியது.

1.0 வந்ததும் பிரேக்கை முழுக்க மிதித்தாள். கார் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

0.9.

பெடலைப் பார்த்தாள். கால் அதன் மேல்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வீட்டுச் சுவர் அசையாமல் நின்றது.

0.8.

"போதும் ஹெலன், நிறுத்து," என்று எரிக் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். எண் அணைய வேண்டும். அணையவில்லை. சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். எஞ்சின் அடங்கியது. எண் எரிந்தது. 0.6.

கார் வரவில்லை. எரிக்தான் வந்துகொண்டிருந்தான்.

ஷூ இரண்டும் ஈரச் சிமென்டில் இழுபட்டுக்கொண்டு வந்தன. அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, சற்று முன்பு விரல் போக இடமில்லாத இடத்தில், இப்போது ஒரு ஆள் நிற்கலாம். அவன் திரும்பிப் பார்க்க முயன்றான். கழுத்து திரும்பவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"ஹெலன். முன்னால எடு."

சாவியைப் போட்டுத் திருப்பினாள். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை.

0.4. 0.3.

டிக்கியில் அவன் தொடை இடித்தது. கார் லேசாகக் குலுங்கியது.

"ஹெலன்!"

0.2.

உள்ளங்கை ஒன்று டிக்கியில் விழுந்தது. ஒரே ஒரு தட்டு. நில். அவள் நின்றுதான் இருந்தாள்.

எரிக்கின் நெஞ்சு பின்கண்ணாடியில் அழுந்தியது. பிறகு கன்னம். வாய் திறந்திருந்தது, கண்ணாடியில் ஆவி படியவில்லை. அவன் தோளுக்கு மேலே மெதுவாக ஒரு நரைத்த தலை எழுந்தது. மழையில் நனைந்து நெற்றியோடு ஒட்டிய முடி. கோபம் இல்லாத முகம். மகனைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் வாயைப் பார்த்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கத் தயாராக இருக்கிறவரின் பார்வை.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஹெலன் வாயைத் திறந்தாள்.

கேட் பக்கமிருந்து லூர்துமேரி ஓடி வந்தாள். "ஐயோ டீச்சர், என்னாச்சு? சார் ஏன் இப்பிடி நிக்கிறாரு?"

ஹெலன் திறந்த வாயை மூடிக்கொண்டாள். எண் 0.0 ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதியவர் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, இன்னும் அழுத்தினார்.