அடங்கிய இரைச்சல்

கம்பிகளிலிருந்து கையை எடுத்தால் இரைச்சல் திரும்பி வரவேண்டும். ஜீலாலி கையை எடுத்தான். வரவில்லை.

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்போடு இணைத்துச் சும்மா வைத்தால் அது ஈக்கூட்டம் மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். கம்பியில் விரல் பட்டதும் அந்த முனகலை உடம்பு வாங்கிக்கொள்ளும், சத்தம் அடங்கும். விரலை எடுத்தால் மறுபடி முனகும். பதினோரு வருடத்தில் அவனுடைய பேஸ் இந்த ஒழுங்கை ஒருநாளும் மீறியதில்லை. மனைவியைவிட ஒழுங்கானது என்று அவனே சொல்வான், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

ரமலான் மாதம். நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து பேஸின் வயிற்றிலிருந்த பழைய குமிழ்களையும் வயர்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் புதுச் சுற்றுப்பலகையைப் பொருத்தியிருந்தான். அடித்தொனிக்கு ஒரு குமிழ், நடுத்தொனிக்கு ஒன்று, மேல்தொனிக்கு ஒன்று. எல்லாம் பூஸியான் முந்தைய இரவு சொன்ன பேச்சால் வந்தது. பூஸியான்தான் அவன் வாசிக்கும் இசைக்குழுவின் தலைவர்.

"தம்பி, உன் பேஸு பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு. ஓடுதுன்னு தெரியுது. என்ன பாட்டுன்னுதான் தெரியல."

"அதோட குரலே அப்படித்தான் அண்ணே."

"நஸீம் கீபோர்டு வாசிக்கிறப்ப அவன் இடது கை சும்மாதான் கெடக்கு, அதுலயே பேஸையும் வாசிச்சிருவான். அதுக்குச் சம்பளமும் வேணாம், சாப்பாடும் வேணாம். நாளைக்கு நோன்பு தெறக்கிறதுக்குள்ள ஃபோன்ல வாசிச்சுக் காட்டு. கனமும் வேணும், கூர்மையும் வேணும். வரலேன்னா நீ வராத."

ரமலான் இரவுக் கச்சேரிகளை விட்டால் ஓரான் நகரத்தில் அவனுக்கு வேறு மேடை கிடையாது. விரலையும் இந்தப் பேஸையும் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தெரியவும் தெரியாது.

அவன் மனைவி கைரா ஒரு தட்டில் கறி பொதிந்து பொரித்த பூரெக் சுருள்களை அடுக்கிக்கொண்டு மாடியிலிருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று பார்த்தாள்.

"தச்சு வேலை, கரண்டு வேலை, ரெண்டையும் ஒரே நாள்ல கத்துக்கிட்டீங்க. அடுப்புல ஹரீரா சூப்பு இருக்கு, அடிபிடிக்காம கிளறுங்க. அதுல எதையும் ஈயம் வச்சு ஒட்டிராதீங்க."

"நோன்பு வச்சவன்கிட்ட வம்பு பண்ணாத."

"நானுந்தான் வச்சிருக்கேன். எனக்குக் கை நடுங்குதா?"

அவள் போனபின் வீடு மெல்ல மெல்லக் காலியானது. கீழே தெருவில் கடைசிக் கடையின் இரும்புக் கதவு இறங்கிய சத்தமும், ரொட்டி வாங்கிக்கொண்டு ஓடியவனின் செருப்புச் சத்தமும், எங்கோ திரும்பிய டிராமின் மணியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துபோக, கொத்தமல்லி வாசமும் உருகிய ஈயத்தின் புகையும் படிக்கட்டு வழியே ஏறி வந்த எண்ணெய் நெடியும் மட்டும் அறைக்குள் கலந்து நின்றன. ஊரே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சூரியனுக்காகக் காத்திருந்த நேரம் அது.

பேஸ் எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தது. முனகவில்லை.

பின்மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தான். பேட்டரி இருந்தது. எர்த் வயர் உறுதியாக ஒட்டியிருந்தது. ஒரு பிழையும் இல்லை. மரத்தை விரலால் தட்டினான், ஆம்ப் 'டொக்' என்றது. உயிர் இருக்கிறது. அப்படியானால் இரைச்சலும் இருக்கவேண்டும். யாராவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒழிய.

வேடிக்கையான நினைப்பு என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு அடித்தொனிக் குமிழைத் திருப்பினான்.

துடிப்பு. மெதுவாக, கனமாக, ஒலிபெருக்கியின் காகிதத்தட்டு உள்ளே போய் வெளியே வந்தது. பசியில் தன் நெஞ்சு அடிப்பதைத்தான் கேட்கிறோம் என்று நினைத்து, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். அவனுடையது ஓடிக்கொண்டிருந்தது. இது நடந்துகொண்டிருந்தது.

நடுத்தொனியைத் திருப்பினான். மூச்சு. மூக்கால் இழுத்து, நிதானமாக விட்ட மூச்சு.

மேல்தொனியைத் திருப்பியிருக்கவேண்டாம். திருப்பினான். முறுக்குக் கம்பிமேல் விரல்நுனி உரசி நகரும் சத்தம். பேஸின் கழுத்தில் மூன்றாம் கட்டையிலிருந்து ஐந்தாம் கட்டைக்கு. அங்கே நின்றது.

ஐந்தாம் கட்டையில் தடித்த கம்பி மரத்தோடு ஒட்டி அழுந்திக் கிடந்தது. அழுத்த யாரும் இல்லை.

சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனான்.

ஃபோன் அடித்தது.

"ம், வாசி," என்றார் பூஸியான். "ஹரீரா ஆறுறதுக்குள்ள முடி."

ஃபோனை ஆம்ப்மேல் வைத்தான். கையை நீட்டினான். விரல் கம்பியில் பட்டதும் இரைச்சல் எழுந்தது. ஈக்கூட்டம். கையை எடுத்தான். அடங்கியது. மறுபடி தொட்டான். எழுந்தது.

"என்னடா சத்தம் அது? அதே ஃபிரிட்ஜா?"

போதும். பிடுங்கிவிடலாம். குனிந்து பேஸில் செருகியிருந்த வயரின் ஜாக்கைப் பிடித்து இழுத்தான். பாதி வெளியே வந்தது.

அப்போது பேஸ் வாசித்தது.

பதினோரு வருடமாக அவன் வாசிக்க நினைத்த விதத்தில். கனம் தரையில் இறங்கியது, கூர்மை மேலே நின்றது. அவன் எப்போதும் தடுக்கி விழும் அந்தக் கடைசித் திருப்பத்தில் ஒரு முடி அளவுகூடப் பிசகவில்லை. கம்பிகள் பள்ளமாகி எழுந்தன. பள்ளமாகி எழுந்தன.



"அடப்பாவி," என்றார் பூஸியான், மெதுவாக. "இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? நிறுத்தாத. மாசம் முழுக்க நீதான். நிறுத்திராத, தம்பி."

ஜீலாலியின் விரல்களுக்குள் ஜாக் வழுக்கியது. இன்னும் ஒரு இழுப்பு.

அவன் அதை உள்ளே தள்ளினான். முழுவதுமாக. 'க்ளிக்' என்று அமரும்வரை.

"சரிங்க அண்ணே," என்றான்.

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. ஃபோன் அணைந்தது. வாசிப்பும் நின்றது. நாற்காலியின் முதுகில் தொங்கிய தோள்வார் மெல்ல மேலே எழுந்து விறைத்தது. பேஸ் நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. சரியாக அவன் இடுப்பு உயரத்தில் நின்றது. வாரின் வளைவு ஒருமுறை அசைந்து இடம்பார்த்து அமர்ந்தது, தோளில் அமர்வது போல.

கதவு திறந்தது. தட்டில் பேரீச்சம்பழங்களோடு கைரா.

"மாடிவரைக்கும் கேட்டுச்சு," என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "வாங்க ஜீலாலி, பேரீச்சம்பழம் எடுத்துக்கோங்க."

ஜீலாலி பின்வாங்கிச் சுவரோரம் நின்றிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாருக்கு மேலே, ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தைப் பார்த்து, பழத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.