குரல் கொடுக்கிறவன்

செங்கமலமும் அவள் புருஷன் திருமுருகனும் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பெரம்பலூர்ப் பக்கம் அந்த வருஷம் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. துளிக்கூடக் காற்று இல்லை. நெடி உள்ளேயே தேங்கும், மருந்தடிக்க ஆகாத நாள்தான். ஆனால் படைப்புழு விழுந்த பிறகு எவன் நாள் பார்ப்பான்?

"குரல் குடுத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவன் உள்ளே போனான்.

அங்கே அதுதான் வழக்கம். வளர்ந்த சோளத்துக்குள் போனவன் வெளியே தெரியமாட்டான். வரப்பில் நிற்பவர் கூப்பிட வேண்டும், உள்ளே இருப்பவன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மருந்து ஏறிவிட்டது என்று அர்த்தம். ஓடிப்போய் இழுத்து வர வேண்டும்.

போன வருஷம் செங்கமலம் ஓடவில்லை.

அன்று உள்ளே போனவன் திருமுருகனின் அண்ணன் தர்மன். பாகத் தகராறில் அவளை நடுத்தெருவில் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டு மிதித்தவன். ஊரே வேடிக்கை பார்த்தது. திருமுருகன் டவுனுக்குப் போயிருந்ததால் அவளைத்தான் தர்மன் வரப்பில் நிறுத்தியிருந்தான். அவன் குரல் நின்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கிடக்கட்டும் என்று நின்றாள்.

"கடைசி வரைக்கும் ஆங்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்று சாவுக்கு வந்த எல்லோரிடமும் சொன்னாள். அழுகை வரவில்லை. அன்று மரத்துப்போன நெஞ்சு பிறகு எதற்கும் அசையவேயில்லை.

"ஏங்க!"

"ஆங்."

மருந்து நெடி வரப்புவரை வந்து தொண்டையை அடைத்தது. உதடு மரத்தது.

"ஏங்க!"

"ஆங்."

இந்த முறை கிழக்கு மூலையிலிருந்து வந்தது. மளமளவென்றுதான் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கவனித்தாள். டேங்கின் மோட்டார் சத்தமே இல்லை.

"மருந்து தீந்துடுச்சாங்க?"

"ஆங்."

"அப்ப வெளிய வாங்களேன்."

"ஆங்."

சோளத்தட்டை ஒன்றுகூட அசையவில்லை.

அவள் உள்ளே நுழைந்தாள். சோளத்தின் சோகை இலை கையைக் கிழித்தது. வலிக்கவில்லை.

திருமுருகன் மேற்கே, உள்ளே நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குப்புறக் கிடந்தான். வாயில் நுரை காய்ந்து எறும்பு மொய்த்திருந்தது. விழுந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆங்."

யாரும் கூப்பிடாமலே அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தொண்டை என்று ஊரில் சொல்வார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். உடம்பு நகரவில்லை.

"மாமா" என்றாள் மெதுவாக. நாக்கு குழறியது. "இவர விட்டுடுங்க. ஒங்க கூடப் பொறந்தவருங்க. தப்பு பண்ணது நான்தானே?"

மறுபடியும் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரோட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. பக்கத்துக் காட்டுக்காரர் பூமாலை. இப்போதே தூக்கிக்கொண்டு போனால் திருமுருகன் பிழைத்துவிடுவான்.

"செங்கமலம்! சத்தத்தையே காணும்? ஒண்ணும் இல்லியே?"

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். நாக்கு கட்டையாகக் கிடந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

வரப்போரத்திலிருந்து அவளுடைய குரல் பதில் சொன்னது.

"ஒண்ணுமில்லண்ணே. குரல் குடுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்க வூட்டுக்குப் போங்க."

"சரிம்மா" என்றார் பூமாலை. வண்டி கிளம்பிப் போனது.