ரெக்ஸுக்கு வயதேறிய விதம்

இந்த வருடம் ரெக்ஸுக்கு மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. காதோரம் நரையும் கூடியிருந்தது. கடலில் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் மனிதருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாம் ஈரடுக்கி என்கிற கருவியின் வேலை. தூத்துக்குடியில் அது இல்லாத ஸ்டுடியோ கிடையாது. இறந்தவர் படம் ஒன்று, இருப்பவர் படம் ஒன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்து, இறந்தவருக்கு ஒரு வயதைக் கூட்டி, ஒருவர் முகத்துக்குள் இன்னொருவர் தெரிகிற மாதிரி கலந்து தரும். நினைவுப் பூசைக்கு முன்னால் வருடாவருடம் புதுப்படம் மாட்டாத வீட்டை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அவர் மனைவி அமலோற்பவம் ஒரு வருடமும் தவறியதில்லை. பழைய படங்களெல்லாம் வெள்ளத்தில் போய், தப்பித்த ஒன்றையும் தன் படத்தையும் வைத்துத் தொடங்கியது. அடுப்பு வேலைக்கு நடுவே வந்து படத்தின் முன் நின்று, "பாத்தீகளா, ஒங்க மக என்னைய எதுத்துப் பேசுதா" என்பாள். படத்தில் இருப்பவர் அவள் பக்கம்தான் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ரெக்ஸ் போனபோது கைக்குழந்தையாக இருந்த அந்த மகள் ஜெனோவாவுக்கு இப்போது கல்யாணம். பெண் கோயிலுக்குக் கிளம்பும்போது அப்பாதான் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவர் படத்தின் முன் முழங்கால் போடுவார்கள். அதற்காகப் பெரிதாக ஒரு படம் செய்யத் தாயும் மகளும் இசக்கியின் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள்.

இசக்கி திரையில் ஒரு படத்தைத் திறந்தான்.

"யாருப்பா இந்தத் தம்பி? நல்லா இருக்கானே" என்றாள் அமலோற்பவம்.

"எக்கா, வெளையாடுதீகளா? கப்பல்ல கூட வேல பாத்த அந்தோணியண்ணன் அவுக பழைய போன்ல இருந்து அனுப்புன படம். ஒங்க வீட்டுக்காரவுகதான்."

அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள். குறுகிய நெற்றி. யாரையோ கிண்டல் பண்ணப் போகிற உதடு. அந்த உதட்டை எப்படி மறந்தாள்?

ஒரே ஆள்தானா என்று சரிபார்க்க, இசக்கி இதையும் இந்த வருடத்துப் படத்தையும் ஈரடுக்கியில் வைத்தான். கருவி மணியடித்து நின்றது. 'இரு வேறு நபர்கள்' என்று எழுத்து வந்தது. அவனுக்கு என்னவோ தோன்ற, இந்த வருடத்துப் படத்தோடு அமலோற்பவத்தின் படத்தை வைத்துப் பார்த்தான். 'ஒரே நபர்' என்று கருவி உடனே ஏற்றுக்கொண்டது.

"எக்கா, வருசா வருசம் எந்தப் படத்தக் குடுத்தீக?"

"போன வருசத்துப் படத்தத்தான். பழசக் குடுத்தா அவுகளுக்குத் திரும்பவும் வயசு கொறஞ்சிராதா?"

இசக்கி தலையைச் சொறிந்தான். "ஒவ்வொரு தடவையும் ஒங்க மொகம் கொஞ்சம் அவுக மேல ஒட்டியிருக்கு. அதையே திருப்பித் திருப்பிக் கலந்தா... இப்ப வீட்டுல தொங்குறது முக்காவாசி நீங்கதான்க்கா."

"யம்மா, ஒனக்கு மீச வச்சுதான் மாட்டியிருக்கோமா!" என்று சிரித்த ஜெனோவா, அம்மாவின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்பம் இத்தன வருசம் நான் யாருட்டடி பேசிக்கிட்டு இருந்தேன்?"

ஜெனோவா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தான பேசுனேன். எனக்குத் தெரிஞ்ச அப்பா வீட்டுல இருக்கவுகதான். அவுகளயே வைப்போம்மா."

"வேண்டாம்ட்டி. ஒருநாளாச்சும் அவுக அவுகளா இருக்கட்டும்" என்றாள் அமலோற்பவம். "இசக்கி, இந்தப் படத்தையே பெருசா போடு. வயசு ஏத்தாத. என்னையக் கலக்காத."

கல்யாணத்தன்று காலை, வெள்ளைச் சேலையில் ஜெனோவா அந்தப் படத்தின் முன் முழங்கால் போட்டாள். மாப்பிள்ளை வயதுதான் இருக்கும் படத்தில் இருந்தவருக்கு. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"யம்மா, இவுகளப் பாத்தா கூச்சமா இருக்கு. நீயே சிலுவ போட்டு விடு."

அமலோற்பவம் மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு படத்தைப் பார்த்தாள். தினமும் குறையும் கோபமுமாகக் கொட்டியவள் இப்போது சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க" என்றாள் மெதுவாக. "இதுதான் ஒங்க மக. இன்னைக்குக் கல்யாணம்."