இசக்கி சொன்னதாகச் சொன்னது

“நான் பாடுறேன் டீச்சர். சந்தோஷமா இருக்கேன்” என்றது இசக்கியின் நெற்றியில் இருந்த அகமொழிப்பட்டை.

இசக்கி மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். பத்து வயது. பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. அவள் மூளையில் எழும் அலைகளை வாசித்து, சிறுமிக்கு ஏற்ற குரலில் சொல்வது பட்டையின் வேலை. தூத்துக்குடிச் சிறப்புப் பள்ளியின் அந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், ஒன்பது பட்டைகள். எல்லாப் பட்டைகளும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

வாசலில் இசக்கியின் தாய் வேலம்மாள் குடிநீர் ஆலைச் சீருடையோடு நின்றிருந்தாள்.

“மூணு நாளா சோறு எறங்கல டீச்சர். கேட்டா பசிக்கலைங்கா.”

“காய்ச்சல் இருக்கா?” என்றாள் பியூலா.

“லேசா சுடுது. ‘வலிக்குதாட்டி?’ன்னு கேட்டேன். ‘நல்லாருக்கேம்மா’ன்னுட்டா.”

பியூலா இசக்கியின் வயிற்றில் கை வைத்தாள். பலகை போலிருந்தது. இசக்கி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“விளையாடாதீங்க டீச்சர்” என்று சிரித்தது பட்டை.

அந்தச் சொற்கள் பியூலாவுக்குத் தெரியும். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவற்றை எழுதியவளே அவள்தான்.

அப்போது பட்டைகளுக்கு அலை தெரியும், பொருள் தெரியாது. பயிற்சி ஆசிரியர்கள் பிள்ளைகளின் எதிரே உட்கார்ந்து ஒவ்வோர் அலைக்கும் பொருள் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு பையன் இதேபோல் மேசையில் வயிற்றை அழுத்தி முனகினான். பியூலா ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். மறுநாளும் அதையே எழுதினாள். மேற்பார்வையாளர் தங்கபுஷ்பம் தாளை அவள் மடியில் போட்டார்.

“தெரியலன்னு எழுதவா ரெண்டு வருசம் படிச்சீய? அதுக்கு வாட்ச்மேன் போதுமே.”

பியூலா ‘பாடுகிறான், மகிழ்ச்சி’ என்று எழுதினாள். தொட்டால் தட்டிவிடுவதை ‘விளையாட்டு’ என்றாள். கோடை விடுமுறைக்குப் பிறகு அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று அவள் விசாரிக்கவும் இல்லை.

அதன் பிறகு எந்தக் கட்டத்தையும் அவள் வெறுமையாக விட்டதில்லை. மற்றவர்கள் தயங்கிய இடத்தில் அவள் எழுதினாள். முதுநிலை ஆசிரியர் ஆனாள், பிறகு மாநிலத்துக்கே மூல ஆசிரியர் ஆனாள். எல்லாப் பட்டைகளும் அவள் எழுதிய பொருளையே அடிப்படையாகக் கொண்டன. விருது மேடையில் அவளைப் பதினோராயிரம் பிள்ளைகளுக்கு வாய் கொடுத்தவர் என்றார்கள். அன்று அவள் அழுதுவிட்டாள்.

பியூலாவும் வேலம்மாளும் இசக்கியைத் தூக்கிக்கொண்டு போன மருத்துவமனையில் டாக்டர் ராயப்பன் முறைப்படி இசக்கியிடமே கேட்டார். பிள்ளையின் சொல்லே இறுதி, பெற்றோரோ ஆசிரியரோ அதை மீறக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்காக ஊர்வலம் போனவர்களில் பியூலாவும் ஒருத்தி.

“வலிக்குதாம்மா?”

“இல்ல டாக்டர். தொடாதீங்க, கூசுது.”

“பாத்தீங்களா? பிள்ளையே வேண்டாங்குது. சம்மதம் இல்லாம நான் கை வைக்க முடியாது.”

“அது பிள்ளை பேசல டாக்டர். நான் பேசுறேன்” என்றாள் பியூலா. “அந்த அலைக்குப் பொருள் எழுதுனது நான்தான். தப்பா எழுதிட்டேன்.”

அவர் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். “சரி, மூல ஆசிரியர்கிட்ட மேல்முறையீடு போட்டுப் பாப்போம்.”

திரையைத் தொட்டார். உடனே பதில் வந்தது. பியூலாவின் குரல்தான். பட்டைகளை நடத்தும் இயக்ககம் அவளுடைய பதினாறு ஆண்டுத் தீர்ப்புகளைச் சேர்த்துவைத்து, அவளைக் கேட்காமலே அவளாகப் பதில் சொல்லும் ஏற்பாட்டைச் செய்திருந்தது.

“பிள்ளை பாடுகிறாள், மகிழ்ச்சியாக இருக்கிறாள். ஐயமில்லை.”

“நல்லாருக்கான்னும் நீங்களே சொல்லுதீங்க, இல்லைன்னும் நீங்களே சொல்லுதீங்க. எந்த டீச்சர நான் நம்ப?” என்றாள் வேலம்மாள்.

பியூலாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து மகளிடம், “நெசமாவே வலிக்கலையாட்டி?” என்றாள்.

“இல்லம்மா.”

பியூலா பட்டையைப் பிடித்து இழுத்தாள். கொக்கி அறுந்து கையோடு வந்தது. பட்டையைப் பிடுங்குவது வாயைப் பொத்துவதற்குச் சமம், மூன்றாண்டுச் சிறை. டாக்டர் எழுந்தேவிட்டார். காவலரைக் கூப்பிட வாய் திறந்தவர், கூப்பிடவில்லை.

அறையில் முனகல் மட்டும் இருந்தது. ஏறியது, அறுந்தது, மறுபடி ஏறியது. டாக்டருக்கு முப்பது வயதிருக்கலாம். இப்படியோர் ஒலியை அதன்மேல் விழும் சொற்கள் இல்லாமல் அவர் கேட்டதே இல்லை. இசக்கியின் முகத்தருகே குனிந்தார்.

“இதுவா பாட்டு?” என்றார் கடைசியில்.

அவர் கை இசக்கியின் வயிற்றுக்குப் போனது.

குடல்வால் வெடித்திருந்தது. இசக்கி பிழைத்துக்கொண்டாள். பியூலாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், வழக்கு போட்டார்கள். அவள் எழுதியதை மட்டும் நீக்க மறுத்துவிட்டார்கள். ஓர் ஆசிரியரின் பதற்றத்துக்காகப் பதினோராயிரம் பிள்ளைகளை ஊமையாக்க முடியாது என்றது இயக்ககம்.

இசக்கி வீடு திரும்பிய ஆறாம் நாள் பியூலா அவளைப் பார்க்கப் போனாள். வேலம்மாள் ஒரு நெகிழிப் பையை நீட்டினாள். உள்ளே புதிய பட்டை.

“மாட்டிவிடுங்க டீச்சர். எனக்குப் பூட்டத் தெரியல.”

“அது சொல்றது பொய்னு தெரிஞ்சுமா?”

“இருக்கட்டும். ஆறு நாளா வீடு வெறிச்சுன்னு கெடக்கு. அம்மான்னு ஒரு சத்தம் இல்ல.” சற்று நிறுத்தினாள். “அந்த அம்மாவும் நீங்க எழுதுனதுதானா?”

பியூலா பையை வேலம்மாளின் கையிலேயே திருப்பி வைத்தாள். கட்டிலில் இசக்கி விரல் முட்டியால் இரும்புக் கம்பியைத் தட்டத் தொடங்கினாள். மெதுவாக, விட்டு விட்டு.

“மாட்ட மாட்டீங்கன்னா நீங்களாவது சொல்லுங்க” என்றாள் வேலம்மாள். “இப்ப எம்புள்ள என்ன சொல்லுதா?”

பியூலா வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இசக்கியின் பக்கம் அவள் இன்னும் திரும்பவே இல்லை.