ஏழு, மூன்று, ஒன்பது, அடுத்து என்ன?

ஆறாம் வகுப்பில் கணக்குக்கு எப்போதும் கமலினிதான் முதல். பர்வீன் ஒரு பெரிய எண்ணோடு வந்த நாள் வரைக்கும்.

அந்த எண் 73939133.

"இது பகா எண், டீச்சர். ஒன்னாலயும் இதே எண்ணாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கடைசி இலக்கத்தை எடுத்தாலும் பகா எண்தான். இன்னொன்னை எடுத்தாலும் அப்படித்தான். ஏழு மட்டும் மிஞ்சுற வரைக்கும்" என்றாள் பர்வீன்.

வஞ்சுளவல்லி டீச்சர் அசந்துபோனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் கணிதக் கண்காட்சியில் பேச பர்வீனையே தேர்ந்தெடுத்தார்.

"கமலினி, பர்வீன் எழுதியிருக்கிற சார்ட்டை நீ பிடிச்சுக்கோ."

சார்ட்டைப் பிடிக்க ஓர் ஆணி போதாதா என்று கமலினிக்குத் தோன்றியது.

சாயங்காலம் சார்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒரு தப்பாவது இருக்காதா என்று ஒவ்வொரு வரியாக வகுத்துப் பார்த்தாள். 7, 73, 739 எல்லாம் சரி. அடுத்த வரியில் 7399 என்றிருந்தது.

ஏழால் வகுத்தாள். 1057. மீதியே இல்லை.

கமலினிக்குச் சிரிப்பு வந்தது. 'நாளைக்கு எல்லார் முன்னாடியும் முழிக்கட்டும்!'

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. 739க்குப் பிறகு எந்த இலக்கம்தான் பொருந்தும்? சாப்பிடக் கூப்பிடும் வரை வகுத்துக்கொண்டே இருந்தாள். மூன்று மட்டும்தான் பொருந்தியது.

மறுநாள் பேருந்தில் பர்வீன் கமலினியை ஒட்டி உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குட்டி. நீ கூட வாரதாலதான் தைரியமா வாரேன்."

கமலினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து ஊரைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சார்ட்டுல தப்பு இருக்கு. 7399 ஏழால வகுபடுது."

பர்வீன் நோட்டைப் புரட்டினாள். "இதுல சரியாத்தான் இருக்கு. சார்ட்டுல எழுதும்போது மூணும் ஒம்போதும் இடம் மாறிப்போச்சு. அம்புட்டையும் வகுத்துப் பார்த்தியா?"

"தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். உன் மேல எனக்குப் பொறாமை."

பர்வீன் சார்ட்டை மடியில் விரித்தாள். பிறகு, "ஒயிட்னர் இருக்கா?" என்றாள்.

இறங்கியதும் பேருந்து நிலையத்துப் பெஞ்சில் வைத்துத் தப்பான ஐந்து வரிகளையும் இருவரும் திருத்தினார்கள்.

கண்காட்சியில் பர்வீன் தடுமாறாமல் பேசினாள். நடுவர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "739க்குப் பின்னாடி மூணுக்குப் பதிலா வேற இலக்கம் போட்டா?"

பர்வீன் கமலினியைப் பார்த்தாள்.

"பூஜ்யம், அஞ்சு, இரட்டைப்படை எதுவுமே ஆகாது மேடம்" என்றாள் கமலினி. "ஒன்னு போட்டா பத்தொன்பதால வகுபடும். ஏழு போட்டா பதிமூணால. ஒம்போது போட்டா ஏழால. மூணு மட்டுந்தான் நிக்கும்."

"பிரமாதம். உன் பேரு என்னம்மா?"

நடுவர் மதிப்பெண் தாளில் அவள் பெயரை மட்டும் எழுதினார். பர்வீனின் முகம் லேசாகச் சுருங்கியது. அது எதனால் வருமென்று கமலினிக்கு நன்றாகவே தெரியும்.

"மேடம், இந்த எண்ணைக் கொண்டுவந்தது பர்வீன்தான். அவ பேரையும் எழுதுங்க."

எழுதி முடிக்கும் வரை இருவரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.