பெட்டிக்கு ஒரு குடை

"குடை எனக்கு வேணாங்க... இந்தப் பொட்டிக்கு மட்டும் கொஞ்சம் புடிங்க."

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், கொட்டும் மழையில் கேட்டவனைப் பூர்ணிமா நிமிர்ந்து பார்த்தாள். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே கெஞ்சும் கண்கள். இருவரும் நனைந்தார்கள், பெட்டி நனையவில்லை. அவள் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்குத்தான் அவனும் போகிறான் என்று தெரிந்தபோது மனசுக்குள் என்னவோ இனித்தது.

அந்த இனிப்பு பத்து மணி வரைக்கும்தான். பெட்டிக்குள் இருந்தது கம்ப்யூட்டர். அவன் பெயர் வளவன், கம்பெனி ஆள்; அதற்குள் ஒரு வாத்தியாரையே புரோகிராமாக எழுதி வைத்திருந்தான். கணக்குக் கொடுக்கும், திருத்தும், தப்பு செய்தவர்களுக்குத் திரும்பச் சொல்லித்தரும்.

"இது தேறிட்டா ஜூன்லேர்ந்து தற்காலிக டீச்சர் தேவையில்ல," என்றார் தலைமையாசிரியர் தேவநாதன்.

அங்கே தற்காலிகம் பூர்ணிமா ஒருத்திதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டதே...

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கே இப்பதாங்க தெரியும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் பேசவில்லை. தூக்கமும் இல்லை.

வெள்ளிக்கிழமை சோதனை. 'சூளையில் வைத்த நூறு கோப்பைகளில் பன்னிரண்டு விரிசல் விட்டன. விற்க எத்தனை மிஞ்சும்?' ஏழாம் வகுப்பு மொத்தமும் நூறு என்று அடித்தது. பெட்டி மொத்தப் பேருக்கும் தப்பு போட்டது.

"ஏழாவதுக்குக் கழித்தலே வரலியா டீச்சர்?" என்றார் தேவநாதன்.

வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"கழிக்க வரும் சார். இவங்க வூட்ல பாதிப் பேரு செராமிக்ஸ் வேலை. விரிசல் வுட்டத தூக்கிப் போட மாட்டாங்க... செகண்ட்ஸுன்னு கொறஞ்ச வெலைக்கு அதையும் வித்துடுவாங்க. நூறுதான் சார் சரி."

வளவன் எழுந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் பெட்டி தேறிவிடும்.

"தப்பு என்னுதுங்க சார். நான் சேத்தியாத்தோப்பு, நெல்லு வெளயுற ஊரு. இது எனக்கும் தெரியல, பொட்டிக்கும் தெரியல. டீச்சர் பக்கத்துல இல்லாம இத நடத்தக் கூடாதுன்னு எழுதித் தரேன்."

எழுதியும் கொடுத்தான். தேவநாதன் இரண்டு முறை படித்தார். "சரி, டீச்சர் இருக்கட்டும்."

மாலையில் மறுபடி மழை. அவன் பஸ்ஸுக்கு நடக்க, பின்னாலேயே அவள் குடையோடு ஓடினாள்.

"உங்க கம்பெனில கேப்பாங்களே..."

"கேப்பாங்க. பயமாத்தான் இருக்குது. ஆனா நீங்க பேசாமலே போயிடுவீங்களோன்னுதான் பெரிய பயம். ஒரு வாரமா சோறு எறங்கலீங்க... உங்கள எனக்குப் புடிச்சிருக்குது."

சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் குடைக்கு வெளியிலேயே நின்றான்.

"இன்னிக்குதான் கையில பொட்டி இல்லியே..." அவள் தலைகுனிந்து சிரித்தாள். "எனக்கும் புடிச்சிருக்குது. உள்ள வாங்க."