காமினியின் பழைய பல்

காமினிக்கு ஒரு தெற்றுப்பல் இருந்தது. மேல்வரிசையில் இடப்பக்கம், மற்ற பற்களைத் தள்ளிக்கொண்டு, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பிள்ளை மாதிரி நிற்கும். அதே இடத்தில் அவள் அப்பா குணாளனுக்கும் ஒன்று உண்டு. இருவரும் ஜெலுத்தோங் சந்தைக்குப் போனால், கீரை விற்கும் குணவதி அக்கா சும்மா இருக்கமாட்டார்.

"வந்துட்டாங்கையா ஜோடிப் பல்லு!" என்பார்.

அந்தப் பற்களுக்கு ஒரு வேலையும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வேனை நிறுத்திவிட்டு வரும்போது அப்பா இரண்டு பை பண்டோங் வாங்கி வருவார். ரோஜா நிறப் பாலில் ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருக்கும். அடுக்குமாடிக்குக் கீழே சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்காருவார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, கடி!"

தெற்றுப்பல்லால் பையின் மூலையைக் கடித்து, முதலில் ஓட்டை போடுபவருக்கே ஜெயம். சட்டையெல்லாம் ரோஜா நிறமாகும். அம்மா புஷ்பவள்ளி மாடியிலிருந்து சத்தம் போடுவார்.

போன வருடம்தான் அதெல்லாம். ஆனாலும் காமினிக்கு எப்போதோ நடந்தது போலத் தோன்றியது.

இப்போது அவள் பற்களுக்கு அலைனர் வந்துவிட்டது. கம்பி இல்லை, பற்களின் மேல் உறைபோல மாட்டிக்கொள்ளும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். ஒன்று முடிந்து அடுத்ததைப் போடப்போட, பல் கொஞ்சம் கொஞ்சமாக வரிசைக்குள் போகும். சாப்பிடும்போது கழற்ற வேண்டும். மாட்டியிருக்கும்போது தண்ணீர் மட்டும்தான். பண்டோங் நின்றுபோனது. அப்பா வெள்ளிக்கிழமைகளில் வெறுங்கையோடு வந்தார்.

ஒருநாள் காமினியே கேட்டாள்.

"ப்பா, இன்னிக்கு ரெண்டு பை வாங்கிட்டு வாங்களேன். கழட்டி வச்சிட்டுக் குடிக்கிறேன்லா."

அப்பாவின் முகம் பளிச்சென்றது.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அலைனரை வைக்கும் பெட்டி மாடியில் வீட்டிலேயே இருந்துவிட்டது. மேலே ஏற யாருக்குப் பொறுமை? காமினி அலைனரை டிஷ்யூவில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, கடி!"

அப்பாவின் பை பீய்ச்சியடித்தது. காமினி கடித்தாள். கடித்துக்கொண்டே இருந்தாள். பை வழுக்கியது. தெற்றுப்பல்தான் உள்ளே போய்விட்டதே!

"பரவால்ல பாப்பா" என்று அப்பா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். சிரித்தார், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டார். குடித்து முடித்ததும் பைகளையும் டிஷ்யூக்களையும் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

வீட்டில் பல் துலக்கி, அலைனரை மாட்டப் போனபோதுதான் காமினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவரும் கீழே ஓடினார்கள். தொட்டி காலி. குப்பை லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அலமாக்! நான்தானே தூக்கிப் போட்டேன்!" அப்பா தலையில் கை வைத்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? டிஷ்யூல சுத்துனது நான்தானே." காமினி தொட்டியையே பார்த்தாள். "போனா போகட்டும்பா. பல்லு மறுபடி வெளிய வந்துரும். பழையபடி பந்தயம் வைக்கலாம்."

"உதட்டக் குத்திப் புண்ணாகி அழுதியே, மறந்துட்டியா? நானும் உன் வயசுல அப்படித்தான் அழுதேன். எனக்கு உன் பல்லு நேரா வரணும்மா."

"அப்புறம் ஏன் முகம் வாடிப் போச்சு?"

அப்பா தன் தெற்றுப்பல்லை விரலால் தொட்டார். "ஒரே மாதிரி இருந்தோம்ல. அத மனசு தேடுது, அவ்வளவுதான்."

இருவரும் வீட்டுக்கு ஏறினார்கள். காமினி பழைய அலைனர்கள் கிடந்த ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். அவற்றை எறியாதே என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார்.

"ம்மா, தொலைஞ்சதுக்கு முந்தினத இப்பப் போட்டுக்கலாமான்னு கிளினிக்ல கேளுங்களேன்."

அம்மா போன் செய்தார். "போட்டுக்கச் சொல்றாங்க. திங்கக்கிழம வரணுமாம்."

அதைக் கழுவ அப்பா அவசரமாகக் கெட்டிலோடு வந்தார்.

"ஐயோ, சுடுதண்ணி வேணாம்பா! வளைஞ்சிரும்!"

பச்சைத் தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷால் அவளே தேய்த்துக் கழுவி மாட்டினாள். சரியாகப் பொருந்தியது.

பையின் அடியில் இன்னொன்று கிடந்தது. முதன்முதலில் போட்ட அலைனர். இடப்பக்கத்தில் ஒரு பல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. காமினி அதையும் கழுவித் துடைத்து, அப்பாவின் கையில் வைத்தாள்.

அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நம்ம பல்லு!"

"உங்களுக்குத்தான். வச்சுக்கங்க."

"வேன்ல பிள்ளையார் பக்கத்துல வைக்கப் போறேன்."

"எச்சிப் பல்லையா சாமி பக்கத்துல வைப்பீங்க?" என்று அம்மா அதட்டினார். அது வேனின் சில்லறை டப்பாவுக்குப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை அலைனரைப் பெட்டியில் வைத்து, 'டக்'கென்று மூடி, மடியில் வைத்துக்கொண்டாள் காமினி.

"ஒண்ணு, ரெண்டு..."

அவள் தன் பையை அப்பாவின் வாயருகே நீட்டினாள்.

"என்னோடதையும் நீங்களே கடிங்கப்பா. இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஒரு பல்லுதான்."

அப்பா கடித்தார். இரண்டு சட்டைகளும் ரோஜா நிறமாயின. மாடியிலிருந்து அம்மாவின் சத்தம், பழையபடியே கேட்டது.